சேவலும் மூக்குக்கண்ணாடியும்

ஜூன் 4

மாப்ளைக்கு, மச்சான் எழுதிக்கறது.

எழுத்து கோணலா இருக்கேன்னு சிவப்பு மையைத் தேடாதீங்க. அஞ்சாங்கிளாஸோட பள்ளிக்கூடத்துக்கும் நமக்கும் ஆகாதுன்னு கைகழுவினவன் நான். நாப்பத்திரண்டு வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பண்ண கை இது, பேனா வழுக்குது. போன்ல பேசலாம்னா உங்க காது என் லிஃப்டுங்களவிட மோசம். போன வாரம் "சாப்பிட்டீங்களா"ன்னு நாலு தடவ கத்தினேன். நீங்க "ஞாயித்துக்கிழமைதான்"னு சொல்லி வெச்சுட்டீங்க. பக்கத்து வீட்டுக்காரன் எட்டிப்பாத்து, "பெரியவரே, யார்கூட சண்டை"ன்னான்.

பாப்பா போய் இருபது நாள் ஆச்சு. அறுபத்திரண்டு வயசுக்காரியப் போய் பாப்பாங்கறானேன்னு நீங்க எப்பவும் சிரிப்பீங்க. என்னவிட ஒம்போது வயசு சின்ன தங்கச்சிய வேற என்னன்னு கூப்பிடறது?

இந்த ஊர் ஆஸ்பத்திரிதான் நல்லதுன்னு அவள என்கிட்ட கொண்டாந்து விட்டீங்க. இன்னும் ஒரு மாசம் தாங்கும்னு டாக்டர் சொன்னாரு. அந்த நம்பிக்கைலதான் அஞ்சு நாள் வெளிநாட்டுக் கருத்தரங்குக்குக் கிளம்பினீங்க. அவளே "போயிட்டு வாங்க"ன்னு அனுப்பி வெச்சா. அத யாரும் குத்தம் சொல்லல. நீங்களும் உங்களச் சொல்லிக்காதீங்க.

பிளேனை விட்டு இறங்கி, தோள் பையைக்கூட கழட்டாம வந்து நின்னு, "கடைசியா என்ன சொன்னா மச்சான்"னு கேட்டீங்க. "'அவரைக் கண்ணாடியத் தொடச்சுப் போடச் சொல்லுண்ணே'ன்னா. அவ்வளவுதான்"னு சொன்னேன். நீங்க வராந்தாவுலயே தரைல உக்காந்துட்டீங்க. ஒரு புரொபசர் தரைல உக்காந்து நான் பாத்தது அன்னைக்குத்தான்.

இப்ப துடைச்சுப் போடறீங்களா? ஒழுங்கா சாப்பிடுங்க. முட்டை வேக வைக்கத் தெரியுமா, இல்ல அதுக்கும் கிரேக்கத்துல புத்தகம் பாக்கணுமா?

மச்சான்


ஜூன் 15

அன்புள்ள மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. முட்டை வேகவைக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன். நீங்கள் நம்பமாட்டீர்கள்.

நான் அந்தக் கருத்தரங்கில் எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. தெரிந்தால் உங்களுக்கும் உடம்பு சிலிர்க்கும். பழைய கிரேக்கத்தில் ஒரு கிழவர் இருந்தார். இளைஞர்களைக் கெடுத்தார் என்று ஊரார் அவருக்கு விஷம் கொடுத்துக் கொன்றார்கள். கால் மரத்து, குளிர் இடுப்புவரை ஏறியபின், முகத்தை மூடியிருந்த துணியை விலக்கி, நண்பரிடம் சொன்னார்: வைத்தியக் கடவுளுக்கு நாம் ஒரு சேவல் கொடுக்க வேண்டும், கொடுத்துவிடு, மறந்துவிடாதே. அவ்வளவுதான், இறந்துபோனார்.

நோய் குணமானவர்கள்தான் அந்தக் கடவுளுக்குச் சேவல் கொடுப்பார்கள். சாகிறவருக்கு எந்த நோய் குணமானது? நம் காலத்துச் சிந்தனையாளர்கள் இதில்தான் பிரிகிறார்கள். பெரிய மீசை வைத்த ஒருவர் சொன்னார்: கிழவருக்கு வாழ்க்கையே நோய், சாவு மருந்து, வாழ்நாள் முழுவதும் சிரித்துவிட்டுக் கடைசியில் உளறிவிட்டார். அவருக்கு நூறு ஆண்டு கழித்து, தலையை மழித்த ஒருவர் வந்து மறுத்தார்: இல்லை, தவறான எண்ணம்தான் நோய், அதிலிருந்து நண்பர்கள் சேர்ந்து குணமானார்கள், 'மறந்துவிடாதே' என்பதுதான் முக்கியம், ஒருவரை ஒருவர் பேணுங்கள் என்பதே அவர் விட்டுப்போன சொல். இடையில் மலைக் குடிசையில் இருந்து எழுதிய இன்னொருவர், கிரேக்கர்களுக்கு உண்மை என்றால் மூடியிருப்பது திறப்பது என்றார்.

இவர்களைப் பற்றித்தான் பதினோரு ஆண்டுகளாக எழுதிக்கொண்டிருந்தேன். கடைசி அத்தியாயம் மட்டும் வரவே இல்லை. அவள் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள், மச்சான்! கண்ணாடியைத் துடைத்துப் போடச் சொல். எத்தனை எளிய சொல், எத்தனை பெரிய பேணல்! அந்தச் சொல்லோடுதான் நூலை முடிக்கிறேன். விடிகாலையில் எழுந்து எழுதுகிறேன். அவள் பக்கத்தில் இருப்பது போல இருக்கிறது.

தங்கள்
மாப்பிள்ளை


ஜூன் 24

மாப்ளே,

ஒரு சேவலுக்கு ரெண்டாயிரம் வருஷமா பஞ்சாயத்தா? அந்த நண்பர் கடைசில சேவலைக் குடுத்தாரா இல்லையா, அத எவனாவது எழுதினானா? மீசைக்காரரு ஒண்ணு சொல்றாரு, மொட்டைத்தலையரு ஒண்ணு சொல்றாரு. மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடறதுன்னு நாங்க சும்மா பேச்சுக்குச் சொல்வோம். உங்காளு மொட்டையோடவே வந்து முடிச்சுப் போட்டிருக்காரு. சேவலுக்கு மட்டும் பேசத் தெரிஞ்சா, "ஐயா, எதுக்கா இருந்தாலும் கழுத்து என்னோடது"ன்னு சொல்லியிருக்கும்.

அந்தக் குடிசைக்காரர மட்டும் எனக்குப் பிடிச்சிருக்கு. மூடினதைத் திறக்கறதுதான் உண்மைன்னா, நான் ஊர்ல எத்தனை உண்மையத் திறந்திருப்பேன்! நின்னுபோன லிஃப்டுல முக்கோணச் சாவிய விட்டு ஒரு திருப்பு, கதவு வழிவிடும். உள்ள இருக்கறவன் வேர்த்து வழிஞ்சு வெளிய வந்து, முதல்ல என் கையைப் பிடிப்பான். பாப்பா சின்ன வயசுல என்கூட வேலைக்கு வந்து அதப் பாத்துட்டு, "அண்ணன் கடவுள்டி"ன்னு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா. அதுலதான் எனக்குத் தலைக்கனம் ஏறிச்சு, இன்னும் எறங்கல.

ஒண்ணு கேட்டுக்கறேன். பாப்பா சொன்னத புத்தகத்துல போட வேணாம் மாப்ளே. வீட்டுப் பேச்சு வீட்டோட இருக்கட்டும். கிரேக்கத்துக்காரங்க நடுவுல அவள எதுக்கு நிறுத்தறீங்க, கூச்சப்படுவா.

கேட்டீங்கன்னா நல்லது. நீங்க எங்க கேட்டீங்க.

மச்சான்


ஜூலை 20

மச்சானுக்கு,

இத்தனை நாள் எழுதவில்லை. எழுத்து வரி தப்பிப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி இல்லாமல் எழுதுகிறேன்.

அவளுடைய மேசை இழுப்பறையைத் திறந்தேன். அவளுடைய கண்ணாடி இருந்தது. இடப்பக்கக் கால் முறிந்து கறுப்பு நூலால் கட்டியிருந்தது. நூல் அழுக்கேறி எண்ணெய் பிடித்திருந்தது. ஒரு நாள் இரண்டு நாள் கட்டு இல்லை, வருடக் கட்டு. மூன்று வேளையும் அவளுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். அந்த நூலை நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் அந்தச் சொல் வேறாகத் திரும்பியது. பேணல் என்று எழுதினேனே, அது என் வசதிக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள். அவள் சொன்னது தீர்ப்பு. முப்பத்தெட்டு வருடம் உனக்குக் கண் தெரியவில்லை, இனியாவது துடைத்துப் போட்டுக்கொள் என்று சொல்லியிருக்கிறாள். பரிசோதனைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் அறை வாசலில் நின்றாள், மச்சான். "இந்த வரியை முடித்துவிடுகிறேன்" என்றேன். முடித்துவிட்டுத் திரும்பினால் அவள் இல்லை. சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்டது. என்ன சீட்டு என்று மறுநாள்தான் கேட்டேன். மீசைக்காரர் சொன்னதே சரி. கடைசி மூச்சில்தான் மனிதர் உண்மையில் நினைத்ததைச் சொல்கிறார். அவளுக்கு நான்தான் நோய்.

அச்சகத்துக்கு எழுதிக் கையெழுத்துப் பிரதியைத் திருப்பி வாங்கிவிட்டேன். நூல் வராது. என் கண்ணாடியை அவள் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்து இழுப்பறையை மூடிவிட்டேன். பார்க்கத் தெரியாதவனுக்கு எதற்கு? நேற்று மாடிப்படியில் மூன்று படி தவறிவிட்டது. கைமூட்டில் சின்னக் காயம். கீழ்வீட்டுக்காரர் தூக்கிவிட்டார். அவர் எதற்குத் தூக்கினார் என்று இருந்தது.

மாப்பிள்ளை


ஜூலை 27

மாப்ளே, மாப்ளே,

இதத் தந்தியாட்டம் படிங்க. முதல்ல கண்ணாடிய எடுத்துப் போட்டுக்கிட்டுப் படிங்க.

அத அவ சொல்லல.

பாப்பா அப்படி ஒண்ணும் சொல்லல. நான் சொன்னது அது. நீங்க ஏசி கார்லேர்ந்து இறங்கி ஆஸ்பத்திரி வராந்தா புழுக்கத்துல ஓடிவந்து நின்னீங்களா, கண்ணாடி ரெண்டும் புகை படிஞ்ச மாதிரி இருந்துச்சு. "என்ன சொன்னா"ன்னு நீங்க கேக்கறீங்க, எனக்கு உங்க முகத்துல தெரிஞ்சது அந்தக் கண்ணாடி மட்டும்தான். அது வாயில வந்துருச்சு. அவகூட எப்பவும் சொல்வாளே, "இவரு தொடைக்காத கண்ணாடியோட உலகத்தையே விளக்கறாரு"ன்னு. அதுலேர்ந்து எடுத்துக்கிட்டேன்னு வெச்சுக்குங்க.

எழுபத்தோரு வயசு வரைக்கும் கேலியும் பொய்யுமாத்தான் பொழுத ஓட்டியிருக்கேன். உங்க கல்யாணத்தன்னைக்கு உங்க செருப்ப ஒளிச்சு வெச்சுட்டு, பாப்பாதான் எடுத்தான்னு சொன்னவன் நான். அந்த மாதிரி ஒண்ணுதான்னு நினைச்சேன். ஒரு வாரம் ஆறுதலா இருக்கட்டும், அப்புறம் மறந்துருவாருன்னு நினைச்சேன். நீங்க அத சேவலோட கொண்டுபோய்க் கட்டுவீங்கன்னு யாரு கண்டா? தவளை தன் வாயால கெட்டுச்சு. கூட உங்களையும் கெடுத்துருச்சு.

தீர்ப்பும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. என்மேல எவ்வளவு கோவம் வேணா படுங்க. கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் படுங்க.

மச்சான்


ஆகஸ்ட் 5

மச்சானுக்கு,

இரண்டு நாள் உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். கிழிக்கவும் முடியவில்லை.

தீர்ப்பு போனது, சரி. அதோடு அவள் குரலும் போய்விட்டதே. வசவாக இருந்தாலும் அவளுடையது என்று இரண்டு மாதம் அதைக் காதில் வைத்திருந்தேன். இந்தக் காதில் வேறு எதுவும் விழுவதில்லை என்று உங்களுக்கே தெரியும்.

ஒன்று சொல்கிறேன். அந்தக் கிரேக்கக் கிழவரின் சாவை எழுதிவைத்தவர் அவருடைய சீடர். யார் யார் அன்று அறையில் இருந்தார்கள் என்று பெயர் பெயராகச் சொல்லிவிட்டு, தன்னைப் பற்றி, வேறு யாரோ போல, ஒரே வரி எழுதுகிறார்: அவருக்கு அன்று உடம்பு சரியில்லை போலும். அவர் அங்கே இல்லை! அங்கே இல்லாதவர் எழுதிய சொல்லைத்தான் மீசைக்காரரும் மழித்த தலைக்காரரும் நானும் உரித்துக்கொண்டிருந்தோம். முப்பது வருடம் மாணவர்களுக்கு இதை ஒரு சுவையான தகவலாகச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் சிரிப்பார்கள்.

ஆனால் நீங்கள் இருந்தீர்கள். இரவும் பகலும் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தீர்கள். ஆகவே பொய் வேண்டாம், அலங்காரம் வேண்டாம். அவள் உண்மையில் என்ன சொன்னாள்? முனகலாக இருந்தாலும் சரி, என்னைத் திட்டியதாக இருந்தாலும் சரி, அப்படியே எழுதுங்கள். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

மாப்பிள்ளை


ஆகஸ்ட் 14

மாப்ளைக்கு,

நான் இல்ல.

உங்க கிரேக்கத்துக்காரருக்காவது உடம்பு சரியில்ல. எனக்கு உடம்பு கல்லு மாதிரி இருந்துச்சு.

அன்னைக்குக் காலைல பதினோரு மணி. அவ நாலாவது மாடில. ஆஸ்பத்திரி லிஃப்ட் ரெண்டாவது மாடிக்கும் மூணாவதுக்கும் நடுவுல நின்னுபோச்சு. அபாய மணி விடாம அடிக்குது. வராந்தா பூரா சனம். கம்பெனி ஆளு வர ரெண்டு மணி நேரம் ஆகும்னு யாரோ சொன்னாங்க. உங்களுக்குத்தான் தெரியுமே, எனக்கு அந்த மணி கேட்டா கால் தானா ஓடும். "வழிவிடுங்கய்யா, நாப்பத்திரண்டு வருஷ சர்வீஸ்"னு சொல்லிக்கிட்டே போனேன். மொட்டை மாடி மெஷின் ரூம்ல மோட்டாரோட மெயினை மட்டும் அணைச்சு, வாட்ச்மேன பிரேக்கத் தளத்திப் பிடிக்கச் சொல்லி, சக்கரத்தக் கையால சுத்தி, பொட்டிய அங்குலம் அங்குலமா மூணாவது மாடிக்கு ஏத்தினேன். அப்புறம் கீழ ஓடிவந்து, இன்னும் பாக்கெட்டுலயே வெச்சிருக்கற என் பழைய சாவியப் போட்டுக் கதவத் திறந்தேன். மொத்தம் நாப்பது நிமிஷம். சனம் கைதட்டுச்சு. தட்டினது காதுல இருக்கும்போதே நாலாவது மாடிக்கு ஏறி வந்தேன். நர்ஸ் போர்வைய மேல இழுத்துக்கிட்டிருந்தாங்க.

நீங்க கேட்டீங்களேன்னு நேத்து அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். படியிலதான் ஏறினேன். அந்த நர்ஸ் வேற ஊருக்கு மாறிட்டாங்களாம். அந்த நேரத்துல வார்டு கூட்டிக்கிட்டிருந்த அம்மா மட்டும் இருந்தாங்க. "ஜன்னலோரக் கட்டில், மே பதினஞ்சு, ஒல்லியா, நரைச்ச சடை போட்டுக்கிட்டு இருந்தாங்களே, கடைசியா ஏதாவது சொன்னாங்களா தாயி"ன்னு கேட்டேன். அவங்க தொடப்பத்தச் சுவத்துல சாத்திட்டு, நெத்தியச் சுருக்கி, நல்லா யோசிச்சுப் பாத்தாங்க.

"எந்த அம்மா அய்யா? அந்தக் கட்டில்ல அதுக்கப்புறமே அஞ்சு பேரு."

பாவம், அவங்களுக்கு வருத்தமாப் போச்சு. "பேசாமத்தான் போயிருப்பாங்க, முக்காவாசி பேரு அப்படித்தான்"னு சமாதானம் சொன்னாங்க. நான் வந்துட்டேன்.

அவ்வளவுதான் மாப்ளே. யாரும் இல்ல.

மச்சான்


ஆகஸ்ட் 30

மச்சானுக்கு,

கோபம் இல்லை. முதலில் இருந்தது. இப்போது அது எங்கே போனது என்று தெரியவில்லை.

அவள் தனியாகப் போன அந்த நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அங்கே எனக்குப் பொழுது விடிந்து, முதல் அமர்வு. 'கடைசிச் சொல்லை யார் கேட்கிறார்கள்?' இதுதான் என் உரையின் தலைப்பு. எனக்கும் கைதட்டினார்கள்.

ஆனால் உங்களுக்கு ஒரு சமாதானம் உண்டு, எனக்கு இல்லை. நீங்கள் அடைபட்டுக் கிடந்த உயிர்களைத் திறந்துவிடப் போனீர்கள். அவளுக்கு அது தெரிந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பாள், சிறு வயதில் தெருவெல்லாம் சொன்னது போல. இதை நினைத்து நீங்கள் நிம்மதியாக இருங்கள். நம் இருவரில் ஒருவராவது இருக்கட்டும்.

கண்ணாடியை எடுக்கவில்லை. பழகிவிட்டது. கீழ்வீட்டுக்காரர் மாடிப்படிக்குக் கைப்பிடி கட்டிக் கொடுத்திருக்கிறார். கையெழுத்துப் பிரதியை எடைக்குப் போட்டுவிட்டேன். ஒன்பது கிலோ.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கூச்சமாகத்தான் இருக்கிறது. நீங்கள் இன்னொன்று எழுதி அனுப்புங்கள். பொய்தான் என்று தெரிந்தே கேட்கிறேன். அவள் பேச்சு உங்களுக்கு வருகிறது. எனக்கு வரவில்லை, முப்பத்தெட்டு வருடம் கேட்டும் வரவில்லை. ஒரு வரி போதும். இந்த முறை விளக்கம் சொல்லமாட்டேன். வாங்கி வைத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

மாப்பிள்ளை


செப்டம்பர் 8

மாப்ளைக்கு,

நீங்க கேட்டதுக்காக நாலு நாள் உக்காந்தேன். ஒரு பொய்க்கு இவ்வளவு நேரம் நான் எடுத்ததே இல்ல. "அவரு வேளாவேளைக்குச் சாப்பிடணும்"னு எழுதினேன், அடிச்சேன். "புத்தகத்த முடிக்கச் சொல்லு"ன்னு எழுதினேன், அடிச்சேன். எத எழுதினாலும் என் குரல்தான் கேக்குது. சரக்கு தீந்துபோச்சு மாப்ளே. கடைய மூடிட்டேன்.

நிம்மதியா இருங்கன்னு எழுதியிருந்தீங்க பாருங்க, அதத்தான் தாங்க முடியல. ஒரு பொய்யச் சொல்லி உங்களைக் கவுத்தேன், பாதி உண்மையச் சொல்லி நான் நல்லவனாயிட்டேன். அதனால மீதியையும் சொல்லிடறேன்.

அவ கடைசியா பேசினது எனக்குத் தெரியும். என்கிட்டதான் பேசினா. அதுக்கு அப்புறம் பேசினாளா என்னன்னு யாருக்கும் தெரியாது. அந்த மணி அடிச்சதும் நான் நாற்காலிய விட்டு எந்திரிச்சேன். என் சட்டை நுனியப் பிடிச்சா. விரல்ல பலமே இல்ல, ஈ உக்காந்த மாதிரி இருந்துச்சு.

"இருண்ணே. வேற யாராவது பாப்பாங்க. நீ இரு."

"இதோ வந்துட்டேன் பாப்பா, ஒரு நிமிஷம்"னு அந்த விரல ஒவ்வொண்ணா எடுத்துவிட்டேன். அவ கண்ண மூடிக்கிட்டா.

இதுக்கு மீசைக்காரரும் வேணாம், மொட்டைக்காரரும் வேணாம். ரெண்டாயிரம் வருஷம் கழிச்சு எவன் வந்து புரட்டிப் பாத்தாலும் இருன்னா இருன்னுதான் இருக்கும். உங்களுக்குன்னு அவ ஒண்ணும் விட்டுட்டுப் போகல, உங்களைத் திட்டவும் இல்ல. அதுல உங்களுக்கு என்ன கிடைக்குமோ எடுத்துக்குங்க. எனக்கு அதுல எதுவும் இல்ல.

லிஃப்ட்ல அடைபட்டவங்கள நான் காப்பாத்தினதா எழுதியிருந்தீங்க. அந்த நாப்பது நிமிஷத்துல நடுநடுவுல கீழ ஓடிவந்து, கதவு இடுக்குல வாய வெச்சு, "பயப்படாதீங்க, நான் இருக்கேன், எங்கயும் போகல"ன்னு கத்திக்கிட்டே இருந்தேன். உள்ளேர்ந்து பதிலே இல்ல. மயங்கிட்டாங்க போலன்னு இன்னும் வேகமாச் சுத்தினேன்.

கதவத் திறந்தேன் மாப்ளே. மணிப் பொத்தான் உள்ள அழுந்தி மாட்டிக்கிட்டிருந்துச்சு, அதான் தானா அடிச்சிருக்கு. லைட்டு எரியுது. ஃபேன் ஓடுது. சனம் கைதட்டினது கதவு திறந்ததுக்கு. எட்டிப் பாத்ததும் நின்னுருச்சு.

உள்ள யாருமே இல்ல.

மச்சான்